பல் பார்க்காமல் வாங்கிய ரம்பம்

பொய் சொன்னது நான்தான், அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் காலம்; யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆவடியில் பட்டாளத்து முகாமுக்கு மேசை, நாற்காலி செய்துகொடுக்கும் பட்டறை ஒன்றில் ஆள் எடுத்தார்கள். பத்து வருஷமாகத் தச்சு வேலை செய்கிறேன் என்று மேஸ்திரியிடம் கூசாமல் சொல்லிவிட்டேன். அதுவரை நான் செங்கல் சூளையில் மண்வெட்டி பிடித்து மண் மிதித்தவன். சூளையை மூடிவிட்டார்கள். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாசம். கஞ்சி ஒரு வேளைக்கு வந்துவிட்டது. வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

மேஸ்திரி என் காய்ப்புக் கையைப் பார்த்து நம்பிவிட்டார். திங்கட்கிழமை காலையில் சொந்த ரம்பத்தோடு வந்து ஒரு பலகை அறுத்துக் காட்டச் சொன்னார். எங்கள் பக்கம் தச்சன் எவனும் தன் ரம்பத்தை இன்னொருவன் கையில் கொடுக்க மாட்டான். இரவல் கேட்கவும் வழியில்லை.

பூந்தமல்லியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். ஆவடி வேலைக்கா என்று கேட்ட கடைக்காரர், அந்த மேஸ்திரி தன் மைத்துனர்தான் என்றார். சேசுவே! நான் எதைக் கேட்டாலும் மேஸ்திரி காதுக்குப் போய்விடுமே. நீளவாட்டில் அறுக்கவா, குறுக்கே அறுக்கவா என்றார். இரண்டுக்கும்தான் என்று சமாளித்தேன். ஏழெட்டு ரம்பங்கள் ஆணியில் தொங்கின. பெரிய பல், சின்னப் பல், ஒரு எழவும் புரியவில்லை. பழகினவன் மாதிரி ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, பித்தளைத் திருகாணி பளபளத்த ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதுகூடத் தெரியாத மடையன்.

திங்கட்கிழமை பட்டறையில் நாலு தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, ரம்பத்தைத் தங்கள் பக்கம் இழுத்து இழுத்து அறுத்தார்கள். நானும் உட்கார்ந்து இழுத்தேன். கீச்சென்று வழுக்கியது. மறுபடி இழுத்தேன். அதே கீச்சு. நாலு பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன், சத்தியமாக. ஆனால் நாலு பேரும் பார்த்ததால், அது தெரியாமலிருக்கப் பலகையை ஒரு கட்டைமேல் போட்டு முழங்காலை ஊன்றிக்கொண்டேன். என்மேலேயே வந்த ஆத்திரத்தில் ரம்பத்தை ஒரு தள்ளு தள்ளினேன். கவ்விக்கொண்டது! மரத்தூள் கொட்டியது. நம் ஊர் ரம்பம் இழுத்தால் அறுக்கும்; நான் வாங்கியது தள்ளினால் அறுக்கிற சீமை ரம்பம். அப்போதுதான் புரிந்தது. பலகையில் போட்டிருந்த கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் பலகை இரண்டாயிற்று.

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். "தொர பட்டறையில கத்துகினியா நீ? நின்னுகினு தள்றியே."

தலையை ஆட்டிவைத்தேன். மேஸ்திரியிடம் இரண்டாவது பொய்.

"நாளையிலேர்ந்து வா. இந்த மாரி ரம்பம் நாலு வந்து கெடக்குது, தொட ஆளில்ல. இவங்களுக்கு நீதான் கத்துக் குடுக்கணும்."

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மடியிலிருந்த ரம்பத்தைப் பார்த்தாள்.

"நாளிக்கு அந்த நாலு பேருக்கும் இன்னாத்த கத்துக் குடுப்பே?"

எனக்கே தெரியாது என்றேன். அவளிடம் மட்டும் எனக்குப் பொய் வரவில்லை.