அண்ணி கொட்டிய போல்ட்டுகள்

மண்ணெண்ணெய் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு அண்ணனின் தகர ஷெட்தான் ஞாபகம் வரும்...

நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அண்ணன் அங்கே ஃபேக்டரி ஃபிட்டர், நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் அண்ணனே போட்ட ஷெட்டில், பலகை நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். அரை இஞ்ச் போல்ட் ஒன்றில், கால் இஞ்ச் இன்னொன்றில், நட்டு, வாஷர், ஸ்க்ரூ எல்லாம் தனித்தனியாக. எங்கள் ஊர் ஈரத்துக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் மண்ணெண்ணெயில் அலசித் துடைத்துத்தான் உள்ளே போடுவார். தலைவலி மாத்திரை தேடினால் கிடைக்காத வீடு அது. போல்ட் மட்டும் எது கேட்டாலும் உடனே வரும்.

ஒரு மழைக்காலத்தில் மிஷின் ரோலரில் அவர் வலது கை மாட்டியது.
கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிஞ்சின...

கட்டுப் பிரித்ததும் மேனேஜர், கொஞ்ச நாள் பார்க்கலாம், இடது கை பழகினால் பழைய வேலை, இல்லாவிட்டால் வாட்ச்மேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அண்ணன் எல்லாப் பாட்டில்களையும் சாக்கில் கொட்டிக் கலந்தார். இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். நட்டு நழுவி உருண்டு ஓடும். எடுத்துத் தர யாரும் கிட்டே போகக்கூடாது.

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில் உட்கார்ந்து, மொத்தத்தையும் பிரித்துப் பாட்டில்களில் அடைத்துவிட்டார். திரும்பி வந்த அண்ணன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்புள்ள, இதையும் புடுங்கிட்டியா? இனி நான் என்னத்தப் பண்றது?"

அண்ணி அழுதுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி கொட்டினார்.

இடது கை நன்றாகவே பழகியது. ஆனால் ஸ்பேனரை ஒரு கை முறுக்கினால் பின்னால் நட்டைப் பிடிக்க இன்னொரு கை வேண்டுமே... வாட்ச்மேன் வேலைதான் கிடைத்தது. ரிட்டயர் ஆகும் வரை அந்த கேட்டிலேயே நின்றார்.

அப்புறம் பிக்கட்டியில் வாடகை வீடு. பாட்டில்களும் கூடவே போயின. தினமும் அவர் பிரித்து அடைப்பார். மறுநாள் காலை அவர் குளிக்கப் போகும்போது, அண்ணி சத்தம் கேட்காமல் சாக்கில் கொட்டிக் கலந்து வைப்பார். ஒரு தடவை நான் பார்த்துவிட்டேன்.

"பாட்டில் ரொம்பியிருந்தா பகலெல்லாம் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு கண்ணு. அவருகிட்டச் சொல்லீராத."

நான் சொல்லவில்லை.

இப்போது என் மகன் ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வைத்திருக்கிறான். சின்னச் சின்ன அறைகள், ஸ்க்ரூ எல்லாம் பிரித்தே வந்துவிட்டது. திறக்கத்தான் ஆளில்லை. அதில் மண்ணெண்ணெய் வாடையும் இல்லை...

அண்ணி தை மாதம் போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் பிக்கட்டி போயிருந்தேன். பலகையில் பாட்டில்கள் நிறைந்தபடியே இருந்தன, மூடிகளில் தூசி. எதிரே நாற்காலியில் அண்ணன். என்னால் தாங்க முடியவில்லை. சாக்கை விரித்து, ஒரு பாட்டிலைத் திறந்து கடகடவென்று கவிழ்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மெதுவாக் கொட்டு கண்ணு... அவ சத்தமே கேக்காமக் கொட்டுவா."