மிஞ்சிய கீரை

தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி, மாயக்காள் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். காளவாசலில் பஸ்கள் ஹாரன் அடித்து உயிரை வாங்குகின்றன. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தெளிக்கிறாள். "உள்ளுக்குள்ள கோழிக்குஞ்சு கெடந்து துள்ளுது தம்பி. உங்களுக்கு அரைக்கீரையா, முருங்கையா?"

செக்கானூரணிப் பக்கத்துக்காரி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோட்டங்களில் வாங்கிய கீரையை வாழைநாரில் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து நடைபாதையில் பரப்புவாள். பேரம் பேசுகிறவர்களிடம் சண்டை கிடையாது. கட்டைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். இப்போதெல்லாம் கூடையைத் தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கிறது.

இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, நெஞ்சில் கரண்ட் ஷாக் வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார் டாக்டர். "தோலு லேசாப் பொசுங்கும், அது ஆறிரும்னாரு. உள்ள ரத்தக்கட்டி இருந்துச்சுன்னாத்தான் வினை. ஷாக் வச்சப்புறம் அது மூளைக்குப் போயி கையி காலு விழுந்துருமாம்." அதனால் ரத்தம் உறையாமலிருக்க முதலில் மாத்திரை. சில வாரங்கள் சோதனையில் ரத்தம் சரியாக இருந்தால்தான் ஷாக்.

நாள் குறித்து, ரத்தம் சரியில்லையென்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை என்று சாதித்தாள். அது உண்மைதான். மகள் பாண்டீஸ்வரிதான் டாக்டரிடம் போட்டு உடைத்தாள்: விற்காத கீரை அம்புட்டும் ராத்திரி இவள் வயிற்றுக்குத்தான். கீரை கூடிப்போனால் அந்த மாத்திரை கேட்காதாம். "சாப்பிட்டா தினம் ஒரே அளவாச் சாப்பிடுங்கம்மா" என்றிருக்கிறார் டாக்டர்.

"மிஞ்சுறது தினம் ஒரே அளவாவா மிஞ்சுது?" என்று, வாடிக்கையாகக் கீரை வாங்கும் என்னைக் கேட்கிறாள். "குப்பையில கொட்ட மனசு வரமாட்டேங்குது தம்பி."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "கை கால் விழுந்து படுத்துட்டா யாரு பாக்குறது அக்கா?" என்றேன்.

"பாண்டீஸ்வரியும் இதத்தான் கேக்குறா. கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துப்போச்சு, எனக்கும் அலுத்துப்போச்சு."

மூன்றாவது முறையாக நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் ரத்தம் ஒழுங்குக்கு வரவேண்டும்.

இன்று சாயங்காலம் ஏழெட்டுக் கட்டு மிஞ்சிவிட்டது. ரோட்டோரம் நின்ற மாட்டைக் கூப்பிட்டு, நாரை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசிக் கட்டு முருங்கை. மாட்டின் வாய்வரை நீட்டியவள், கையை இழுத்து, பாதியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.