எங்கள் உப்புக் கொட்டிலின் முதல் ஆள்

"யார் மேல முறைப்பாடு?" என்று தொழில் அலுவலக அதிகாரி மதினியைப் பார்த்துக் கேட்டார். "முறைப்பாடு ஒண்டும் இல்ல மாத்தயா. வேலைக்கு ஆள் எடுக்கப் போறன். எடுக்க முந்தி என்ன செய்யணும் எண்டு கேக்க வந்தன்" என்றார் மதினி. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் எடுத்து, சண்டை பிடித்து, வேலையை விட்டு நிற்பாட்டிய பிறகு வருகிறவர்களைத்தான் அவர் அதுவரை பார்த்திருக்க வேண்டும். "இருங்க" என்று கதிரைகளைக் காட்டினார்.

மதினி என் மூத்த சகோதரரான நானாவின் மனைவி. போரினால் வடக்கு உப்பளங்கள் மூடிக்கிடந்த காலம் அது. புத்தளத்து உப்புக்கு எங்கும் கிராக்கி. நானா பாலாவி உப்பளத்திலிருந்து லொறியில் உப்பு ஏற்றிப் போவார். அதையே அரைத்துப் பைக்கற் செய்து விற்கலாம் என்ற எண்ணம் மதினியுடையது. தில்லையடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, பழைய அரைக்கும் மெஷின் ஒன்றை வாங்கி, நாங்கள் இருவருமே தொடங்கினோம். சில மாதத்தில் எங்கள் கைகள் போதாமல் போயின.

அதிகாரி சொன்னவை அப்படியொன்றும் கஷ்டமானவை அல்ல. வேலையும் சம்பளமும் நேரமும் லீவும் எழுதிய நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். வரவைப் பதிய வேண்டும். ஒரே ஒரு ஆள் என்றாலும் முதல் நாளிலிருந்தே, பிற்காலத்துக்கென்று சேரும் சேமலாப நிதி கட்ட வேண்டும். ஆளின் பங்கைவிட முதலாளியின் பங்கு கூடுதல். வேலையில் காயம்பட்டால் பொறுப்பு முதலாளிக்கு. வீட்டுக்கு வந்து சொன்னபோது நானா சிரித்தார். "ஒரு ஆளுக்கு இவ்வளவு கூத்தா? இந்த ரோட்டுல ஆரு இதெல்லாம் செய்றாங்க?" மதினி சிரிக்கவில்லை. கலியாணத்துக்கு முன் சிலாபத்தில் ஒரு துணிக்கடையில் அவர் வேலை செய்திருந்தார். கடை கைமாறியபோது, அங்கே வேலை செய்ததைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. "புது முதலாளி என்னப் பாத்து, நீங்க ஆரு எண்டு கேட்டார்" என்று மட்டும் சொன்னார்.

மதினி மனதில் வைத்திருந்த ஆள், மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்களுக்கு அருகிலிருந்த முகாமில் தங்கியிருந்த ஒரு விதவை. நாங்கள் அவரை அக்கா முறையில் ராத்தா என்றே கூப்பிட்டோம். ஓலைக் குடிசையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்; முகாமின் சவர்த் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் ஊரில் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்வார். வேலை என்றதும் முகம் மலர்ந்தது. கடிதம் என்றதும் மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. "என்ட பேர எழுதவேணாம் தங்கச்சி. நிவாரண அட்டைய வெட்டிப்போடுவாங்க."

அந்தப் பயம் வீண்பயம் அல்ல. கிராம சேவகரிடம் மதினி நேரே போய்க் கேட்டார். சம்பளம் வாங்குகிற ஆள் என்று பதிந்தால் அரிசியும் பருப்பும் நிற்கலாம் என்றுதான் அவரும் சொன்னார். மதினி நிவாரணத்தையும் கணக்கில் எடுத்துச் சம்பளத்தைக் கூட்டினார். அப்போதும் ராத்தா வரவில்லை. பேர் இல்லாமலே வேலை செய்யட்டும், அவரே கேட்கிறார்தானே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "மெஷின்ல கை மாட்டினா என்ன செய்ற? அப்ப இவ ஆரெண்டே தெரியாது எண்டு சொல்லச் சொல்றியா?" என்று மதினி என்மேல் பாய்ந்தார்.

மறுநாள் இருவரும் முகாமுக்குப் போனோம். எழுதிய கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன். 'நிரந்தர ஊழியர்' என்ற சொல் வந்த இடத்தில் ராத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தச் சொல்லுதான் பயமா இருக்கு. நாங்க வந்த நாள்ல இருந்து, அடுத்த மாசம் ஊருக்குப் போவம் எண்டுதான் புள்ளயளுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கன். இதுல ஒப்பம் வச்சா நான் இங்கயே நிரந்தரமாயிருவன்."

 மதினி அந்தக் கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் தொழில் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். சேமலாப நிதி ஆளின் பேரில் இருப்பது, ஊர் மாறினாலும் அது அவருக்கே உரியது என்று அதிகாரி உறுதியாகச் சொன்னார். அன்று பின்னேரம் புதிய கடிதம் எழுதினோம். நிரந்தர முகவரி என்ற இடத்தில் மன்னாரிலிருந்த ராத்தாவின் வீட்டு முகவரி. ஊருக்குப் பாதை திறந்தால் எந்த நேரமும் அவர் வேலையை விட்டுப் போகலாம் என்று கடைசியில் ஒரு வரி. ராத்தா அந்த வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு ஒப்பமிட்டார்.

அட்டையை வெட்டத்தான் செய்தார்கள். தங்கள் அட்டைகளுக்கும் இதனால் ஆபத்து வரும் என்று முகாமில் சில பெண்கள் அவரோடு கதைப்பதையும் நிறுத்தினார்கள். ஆனால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே பெண்களில் இருவர் எங்கள் வாசல் படலையில் வந்து நின்று, "எங்களுக்கும் கடிதம் தருவீங்களா?" என்று கேட்டார்கள். வழியில் மறிக்கும் படையினரிடம் காட்ட ஏதாவது ஒரு கடதாசி இருப்பதன் அருமையை அந்த ஆண்டுகளில் எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

போர் முடிந்து பாதை திறந்தபோது ராத்தாவுக்குத் தலை நரைத்திருந்தது. மகளுக்குத் தில்லையடியிலேயே கலியாணமாகியிருந்தது. மகன் வரமாட்டேன் என்றான். தனியாகத்தான் போனார். தன் வீட்டு வளவில் மண்டிக்கிடந்த காட்டை வெட்டச் சேமலாப நிதிப் பணம் உதவியது. வீடு என்று அங்கே எஞ்சியிருந்தது அத்திவாரம் மட்டும்.

இன்று கொட்டில் இருந்த இடத்தில் கல் கட்டடம் இருக்கிறது. ஆள் எடுப்பது என் வேலை. புதிதாக வருகிற பிள்ளைகள் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை வாசிக்காமலே ஒப்பமிடுகிறார்கள். 'நிரந்தரம்' என்பது அவர்களுக்கு நல்ல சொல்.

போன பெருநாளன்று ராத்தா தொலைபேசியில் வந்தார். மதினி சத்தம் கூட்டி வைத்ததால் எனக்கும் கேட்டது. "அங்க இருக்கக்குள்ள ஊரு ஊரு எண்டு அழுதன். இங்க வந்தா, என்னப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருமில்ல தங்கச்சி." திரும்பி வாருங்கள் என்று மதினி சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

"கிணத்துத் தண்ணி எப்புடி ராத்தா?"

 ராத்தாவின் குரல் தெளிந்து வந்தது. "நல்ல தண்ணி. அது அப்புடியே இருக்கு."