எங்கள் வீட்டு இரண்டு கைகள்

எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆண்கள் இரண்டு கைகளையும் தூக்குவார்கள். ஒன்று தமக்கு, மற்றது வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருக்கும் மனைவிக்கு. எண்ணுகிறவரும் இரண்டு இரண்டாக எண்ணிக்கொண்டு போவார். பெண்கள் எங்களுக்கும் சங்க அட்டை இருந்தது. அது வீட்டுக்காரரின் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில், சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கும். இதெல்லாம் யாருக்கும் விசித்திரமாகத் தோன்றியதில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் தோன்றவில்லை.

தோன்றியது அக்காவுக்குத்தான். கூடப் பிறந்தவள் இல்லை. கன்று வரிசைகளுக்கு மருந்தடிக்கும் வேலையில் என் பக்கத்து நிரைக்காரி. மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. அவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மலேசியாவில் புலாவ் செபாங் பக்கம் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கன்றுகளைச் சுற்றி லாலான் புல் காடாக எழும்பும். அதற்குக் களைக்கொல்லி மருந்தடிப்பது பெண்களின் வேலை. முதுகில் பம்பு, முகத்தில் கட்டிய பழைய துண்டு, வெறுங்கை. ஒரு வருடம் போவதற்குள் என் நகங்கள் மஞ்சளாகி ஓரம் பெயர்ந்தன. சோற்றைப் பிசைந்தால் எரியும். கையுறை கேட்டால் கங்காணி, “சங்கத்துல சொல்லுங்க” என்பார். சங்கச் செயலாளர், “அடுத்த கூட்டத்துல பேசுவோம் லா” என்பார். எத்தனையோ அடுத்த கூட்டங்கள் வந்து போயின.

அந்த வருடம் எனக்கு மூன்று மாதம். அதற்கு முந்தைய வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. மருந்தால்தான் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. விஷயத்தை நான் முதலில் சொன்னது அக்காவிடம்தான். வாய்க்கால் ஓரம் கை கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

“செயலாளரு தேர்தல்ல நான் நிக்கப் போறேன்” என்றாள். “மாசமா இருக்கிறவங்கள இந்த வேலையிலேருந்து மாத்தணும். அது ஒன்னுதான் நான் கேக்கப் போறது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “உங்களுக்கு ரெண்டு கை தூக்க ஆளு யாரு இருக்கா, அக்கா?”

அவள் புருஷன் எப்போதோ சிங்கப்பூர் போகிறேன் என்று போனவர். “அதான், எல்லாரும் வந்து அவங்கவங்க கைய தூக்குங்க” என்றாள்.

லயத்து வரிசை வீடுகளில் ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். மாவு ஆட்டுகிறவளோடு சேர்ந்து ஆட்டினாள், துணி பிழிகிறவளுக்கு மறுமுனையைப் பிடித்தாள், கூட்டத்துக்கு வாருங்கள் என்பதை மட்டும் சொன்னாள். என் வீட்டுக்கு வரவில்லை. என்னைத் தனியாகக் கேட்க வேண்டுமா என்ன என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் தேர்தல் கூட்டம். பெண்கள் நிறையப் பேர் வந்து பின்சுவரோரம் நின்றோம். சங்கக் கிளைத் தலைவர் திகைத்துப்போய், “வந்தவங்க அவங்க கைய தூக்கட்டும், வராதவங்களுக்கு வீட்டுக்காரரு தூக்கட்டும்” என்றார். அக்கா சரி என்று தலையாட்டினாள்.

பழைய செயலாளர் பெயர்தான் முதலில் வந்தது. முன் பெஞ்சில் இருந்த என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அவருக்கு லாரி வேலை வாங்கித் தந்தவர் அந்தச் செயலாளர், அவ்வளவுதான்.

எண்ணுகிறவர் என்னைப் பார்த்துவிட்டு, “அண்ணே, அண்ணி இங்கதானே நிக்கிறாங்க?” என்றார்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரெண்டும் எங்க வீட்டுக் கைதான், எண்ணுங்க லா.”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். ‘அது என் கை இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் பெயர் வந்தபோது கையைத் தூக்கியாவது இருக்கலாம். நான் சேலை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றேன். என்னத்துக்குப் பயந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு கையில் அக்கா தோற்றாள். என் கையை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து இந்தப் பக்கம் வைத்திருந்தால் அவள்தான் செயலாளர்.

திங்கட்கிழமை அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் பம்பை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போனேன். கங்காணி தலை மறைந்ததும் அவள் வந்து என் முதுகிலிருந்த பம்பைக் கழற்றினாள். “நீ தண்ணி தூக்கு. உன் நிரையையும் நானே அடிக்கிறேன்.”

“அக்கா, நேத்து நான்...”

“அது வேற, இது வேற. காத்துல மருந்து வர்ற பக்கம் நிக்காத, தள்ளிப் போ.”

ஒன்பதாம் மாதம் வரை அப்படித்தான். இரண்டு பேர் மருந்தை ஒருத்தி அடித்தாள். சங்கம் செய்யாததை அவள் முதுகு செய்தது. எனக்குப் பெண் பிறந்தது, நல்லபடியாக. நான் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பக்கத்து நிரையில் வேறு யாரோ நின்றார்கள். அக்கா மலாக்காவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாளாம். தெங்கேராவில் தங்கை வீட்டில் இருக்கிறாளாம். பிள்ளையைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

தெங்கேராவுக்கு ஒரு முறை பிள்ளையோடு போய்த் தேடினேன். முகவரி இல்லை, ஊர்ப் பெயர் மட்டும்தான் கையில். வெயிலில் வீடு வீடாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாய்க்கால் ஓரம் கை கழுவும்போதெல்லாம் பக்கத்தில் அவள் கைகளைத் தேடுவேன். அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் பசியைப்போல் தினமும் வந்தது.

பிள்ளைக்கு ஐந்து வயதிருக்கும்போது, தீபாவளிக்குத் துணி எடுக்க மலாக்கா போயிருந்தோம். பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். எதிர்ச்சாரியில் ஒரு தொழிற்சாலை பஸ் வந்து சிவப்பு விளக்கில் நின்றது. ஜன்னலோரம் நீலச் சீருடையில் அக்கா. முடி கொஞ்சம் நரைத்திருந்தது. நடுவில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இரைந்துகொண்டிருந்தன, கூப்பிட்டால் கேட்காது. நான் கையைத் தூக்கினேன். தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, எட்டுகிற மட்டும் தூக்கினேன். அவள் திரும்பினாள் என்றுதான் நினைக்கிறேன். விளக்கு மாறிவிட்டது.

இரண்டு கைகளிலும் துணிப் பைகளோடு நின்றிருந்த வீட்டுக்காரர், “யாருக்குக் கைய தூக்குற?” என்றார்.

“அக்காவுக்கு” என்றேன்.

பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் நான் கையை இறக்கவில்லை.