அப்பா சோதித்த தோட்டாக்கள்

சுட்டு முடித்த துப்பாக்கியின் கருகிய வாசனையை நினைத்தாலே இன்றும் எனக்கு முதுகு சில்லிடுகிறது. ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருந்த எங்கள் அப்பா வார நாள்களில் அரசாங்கக் குமாஸ்தா, சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் சங்கத்தில் பெயர்பெற்ற கை. அந்த ஆண்டு அணித் தேர்வு நெருங்க நெருங்க அவருடைய குறி பிசகிக்கொண்டே வந்தது. பழியெல்லாம் வீட்டில் நாங்கள் "சின்னக் குண்டு" என்று சொல்லும் தோட்டாக்கள்மேல் விழுந்தது. "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சோறு கட்டித் தருவார். அந்த வாரங்களில்தான் அப்பா, காரணம் சொல்லாமல், என்னையும் கூட்டிப்போகத் தொடங்கினார்.

தோட்டாவைச் சோதிக்க ஒரு முறை உண்டு. கை நடுக்கம் கலந்துவிடாதபடி துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்தி, தோட்டாப் பெட்டிக்கு ஓர் இலக்குத் தாளாக மாற்றி மாற்றிச் சுடுவார்கள். நல்ல பெட்டி என்றால் துளைகளெல்லாம் ஓர் ஐந்து காசு நாணயத்துக்குள் அடங்கிவிடும். அப்படிச் சோதித்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், காற்றுப் பார்க்கக் கட்டியிருந்த கொடி அசையவேயில்லை, ஒரு பறவைச் சத்தம்கூடக் கிடையாது. எத்தனை பெட்டி மாற்றியும் அப்பாவின் துளைகள் வலப்பக்கமாகவே சிதறின. கடைசிப் பெட்டியை எங்களோடு வந்திருந்த சித்தப்பா வாங்கி, அதே துப்பாக்கியில், அதே மூட்டைமேல் வைத்துச் சுட்டார். அவ்வளவும் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக. அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, தாளுக்கு இடப்பக்கத்தில ஒரு மனிசி நிக்கிறாவோ?"

புல்லும் மண்மேடும்தான் எனக்குத் தெரிந்தன. யாருமில்லை என்றேன்.

"இல்லையெண்டு எனக்கும் தெரியும்," என்றார் நிதானமாக. "எண்டாலும், அவவுக்குப் பட்டிடுமெண்டு கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கிறன்."

சித்தப்பா துப்பாக்கியை உறையில் போட்டார். அப்பா தேர்வுக்குப் போகவில்லை. அதன்பிறகு துப்பாக்கியைத் தொடவுமில்லை. விழித்திரையில் கோளாறு, அதனால் இல்லாததெல்லாம் தெரியும் என்று கண் டாக்டர் சொன்னார்.

அந்த மைதானமும் மண்மேடும் போய், இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பேருந்தில் கடக்கும்போதெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்த மனிசி யாரைப் போல இருந்தாள் என்று, அப்பா கண்மூடும்வரை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.