பஸ்ஸை விட்டு இறங்காத பெண்

ஒரு சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ் ஒன்று நேராக எங்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது. உள்ளே வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள். நான் அங்கே சப்-இன்ஸ்பெக்டர்.

"மாதனூர்ல எறங்க வேண்டிய பொண்ணு மேடம். எறங்க மாட்டேன்னுது. நான் இன்னா பண்றது?" என்றார் டிரைவர்.

பின்னாலேயே பைக்கில் அவளுடைய சித்தப்பா வந்தார். தாய் தகப்பன் இல்லாத பெண், புத்தி கம்மி, தான்தான் வளர்ப்பதாகச் சொன்னார். "வீட்டு விஷயம் மேடம். அனுப்பிடுங்க, எதுக்கு பேஜாரு?"

எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்றார் ஸ்டேஷன் ரைட்டர். சிக்கலை வாசலோடு வழியனுப்புவதில் அவர் நிபுணர்.

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மே மாத வெயில். ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி கோட்டைக் கழற்றிப் பையில் திணிப்பதுதான் அந்தப் பெண்களின் முதல் வேலை. இருபது வயது தாண்டிய இவள் மட்டும் முழுக்கைக் கோட்டை மணிக்கட்டு வரை பட்டன் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டேன். அவள் சித்தப்பாவைப் பார்த்தாள்; அவரே பதில் சொன்னார்.

இப்படிப்பட்டவர்களைத் தனியாக விசாரிக்கச் சொல்கிறது சுற்றறிக்கை. கூட வந்தவரை எப்படி நகர்த்துவது என்று சொல்லவில்லை. அதற்குத்தான் சர்வீஸ் இருக்கிறது.

"ஆதார் ஜெராக்ஸ் மூணு காப்பி எடுத்துட்டு வாங்க. அப்பதான் அனுப்ப முடியும்" என்றேன். ஒன்றுகூட அவசியமில்லை. அவர் கடைத்தெருவுக்குப் போனார்.

பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன். பிறகு அவளே பேசினாள்.

"எறங்கினா அடிப்பாரு மேடம். இங்க எல்லாரும் பாப்பாங்க, அடிக்க மாட்டாரு. நாளைலேர்ந்து வேலைக்கும் போகக் கூடாதாம்."

கோட்டின் கையை அவளே சுருட்டினாள். கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்த தழும்புகள்.

"கோட்டு மேல ஆசைன்னு நெனச்சோம்டி. சூப்பர்வைசரம்மான்னு தெனம் கிண்டல் பண்ணோமே" என்றாள் முன் சீட்டுப் பெண். சாட்சி சொல்ல முதலில் இறங்கியவளும் அவள்தான். அவள் பின்னால் பஸ்ஸே இறங்கியது.

சித்தப்பா மூன்று காப்பியோடு வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். எஃப்.ஐ.ஆரில் எதிரியின் பெயர், விலாசத்தை நிரப்ப எங்கள் ரைட்டருக்கு அவ்வளவு சிரமமில்லாமல் இருந்த நாள் வேறு கிடையாது.

அன்று அவளைப் பெண்களுக்கான அரசு உதவி மையமான ஒன் ஸ்டாப் சென்டரில் சேர்த்தோம். அடுத்து ஹாஸ்டல். வேலை போகவில்லை. புதிதாகச் சேரும் காவலர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எழுதிக் கொடுத்தால்தான் புகார் என்றில்லை. இறங்க மாட்டேன் என்பதும் புகார்தான்.

பிறகொரு நாள் எங்கள் ஜீப்பை அதே பஸ் முந்திக்கொண்டு போனது. ஜன்னலில் அவள் கையை வீசினாள். கோட்டு மடியில் இருந்தது.