மலைக்கு இந்தப் பக்கம்

என் மேஜை மேல் ஒரு மர அச்சு இருக்கிறது. தோல் கட்டுகளில் முத்திரை குத்துவதற்காகச் செய்தது. அதில் செதுக்கியிருப்பது திண்டுக்கல் மலைதான். ஆனால் ஊர்க்காரர்களே பார்த்துவிட்டு இது எந்த மலை என்று கேட்பார்கள். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால்தான் மலை அப்படித் தெரியும்.

அச்சைச் செய்வித்தவர் என் அப்பாவின் அண்ணன், எங்கள் வழக்கில் பெரியத்தா. தோல் பதனிடும் ஷாப் நடத்தினார். நகரசபை உறுப்பினராகவும் இருந்தார். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியும் நகரசபைச் சின்னத்தில் கிரீடம் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. ஐம்பதுகளில் அதை எடுத்துவிட்டு மலையைப் போடுவதென்று முடிவானது. ஓவியர் கொண்டுவந்த படம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பெரியத்தா மட்டும் எழுந்து, கடைவீதிப் பக்கமிருந்தே ஏன் வரைய வேண்டும், எங்கள் பக்கமிருந்து வரைந்தால் என்ன என்று கேட்டார். முன்புறத்தைத்தானே வரைய முடியும் என்றார்கள்.

தோல் நாற்றத்துக்குப் பயந்து எங்கள் தெருவுக்கு யாரும் வருவதில்லை. விளக்குக் கேட்டாலும் குழாய் கேட்டாலும், மலைக்குப் பின்னாடிதானே, பார்க்கலாம் என்பார்கள். சின்னத்திலும் பின்னாடி என்றாகிவிட்டால் அப்புறம் எந்தக் காலத்தில் முன்னால் வருவது என்று பெரியத்தா வீட்டில் கொதித்தார். நச்சரித்து நச்சரித்து ஒரு மாலை உறுப்பினர்களைத் தெருவுக்கே கூட்டிவந்துவிட்டார். சிலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். அம்மா எலுமிச்சை சர்பத் கொடுத்தனுப்பினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பெரியத்தா மலையைக் காட்டிச் சொன்னார்:

"நல்லாப் பாருங்க. பின்னாடி பின்னாடின்னு சொல்றீங்க. நாங்க தெனம் எந்திரிச்சதும் இதத்தான் பாக்குறோம். எங்களுக்கு இதுதான் முன்னாடி."

ஒருவரும் மறுக்கவில்லை. சர்பத் நன்றாக இருந்தது என்றார்கள். அடுத்த கூட்டத்தில் கடைவீதிப் படத்துக்கே கை தூக்கினார்கள்.

அன்று பெரியத்தா சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்று நினைத்தோம். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளே தச்சரை வரவழைத்து இந்த அச்சைச் செய்யச் சொன்னார். அதன்பின் ஷாப்பிலிருந்து வெளியூர் போன ஒவ்வொரு கட்டும் எங்கள் பக்கத்து மலையோடுதான் போனது. கூட்டத்துக்குக் கூட்டம் விளக்கையும் குழாயையும் கேட்டுக்கொண்டே இருந்தார். அறுபதுகளில் விளக்கு வந்தது. குழாய் வந்தபோது அவர் இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

சின்னம் பிறகும் மாறியது. மலைக்குக் கீழே பூட்டு வந்தது. மலை கடைவீதிப் பக்கமே நின்றது. இப்போது மறுபடி மாற்றப்போகிறார்களாம், ஊர்மக்களும் படம் கொடுக்கலாமாம். இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்கிறார்கள் பிள்ளைகள். அச்சில் மை தடவி வெள்ளைத்தாளில் அழுத்தி வைத்திருக்கிறேன். காய்ந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இது எந்த மலை என்று கேட்டால் எங்கள் தெருவுக்கு வரச் சொல்வேன். சர்பத்தும் உண்டு.